ஒரே பிளாப்பியில் ஒரு குடிமாற்றம்

என் மகன் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவன். பகலில் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தான். மாலையில் ஈஜிபுராவில் ஒரு மாடி அறையில் வகுப்பு. முடிந்ததும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடி போட்டு, செத்துப்போன என் வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். அவருக்கு வருடத்துக்கு ஒருமுறை மாலை மாற்றுவோம். சான்றிதழுக்கு வாரா வாரம் துணி போட்டுத் துடைப்பு நடந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் நூல் மில்லில் இருபத்திரண்டு வருடம் எந்திரத்தோடு நின்றிருக்கிறேன். ஓடுகிற எந்திரம் எது, ஓடுவது போல் பாசாங்கு செய்கிற எந்திரம் எது என்று எனக்குத் தெரியும். மனிதர்களிலும் தெரியும்.

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் முதலில் வந்தது சீட்டு விளையாடுவதற்காக. யாரோ கழித்துப் போட்டதை இவன் வாங்கிவந்தான். ஒரு மாதம் அதில் சீட்டாடினான். பிறகு அலுத்துவிட்டது. அதற்கு அப்புறம் அதை வேலைக்கு வைத்தவள் என் மருமகள். திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தாள். அதை யாரும் கண்ணாடி போட்டு மாட்டவில்லை. ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கக் குனிந்து குனிந்து கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பாமல் போயிருந்தது. சூப்பர்வைசர் கக்கூஸ் போவதற்குக்கூடக் கடிகாரம் பார்ப்பானாம்.

அப்போதுதான் சிவாஜிநகரில் அச்சகம் வைத்திருந்த ஒருவர் இவளிடம் ஒரு வேலை கொடுத்தார். தமிழ்வழியில் படிக்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கைடு. கையெழுத்துத் தாள்களைப் பார்த்து முழுப் புத்தகத்தையும் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும். கழுத்து வலி என்று கார்மெண்ட்ஸில் ஆறு வாரம் லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து அடித்தாள். சனிக்கிழமை காலையில் வந்து வாங்கிக்கொள்வதாக அச்சகக்காரர் சொல்லியிருந்தார். நன்றாக வந்தால் மற்ற வகுப்புகளுக்கும் இவளே அடிக்கலாம், வருடம் முழுக்க வீட்டிலேயே வேலை. வராவிட்டால் திங்கட்கிழமை காலை கார்மெண்ட்ஸ் வேனில் ஏறியாக வேண்டும். அதற்கு மேல் லீவு இல்லை, பெயரை அடித்துவிடுவோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

இந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாளைத்தான் என் மகன் புதுக் கம்ப்யூட்டர் வைக்கத் தேர்ந்தெடுத்தான்.

கேட்டால், பழசு ஸ்லோ என்றான். யாருக்கு ஸ்லோ? அடிக்கிறவள் ஒன்றும் சொல்லவில்லையே. விஷயம் வேறு. இவனுடைய மேனேஜர் அத்திபெலேயில் இருந்தார். அவர் பேச்சுவாக்கில், வீட்டுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடைத்தால் தேவலை என்றிருக்கிறார். இவன் உடனே எங்களுடையதைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டி வரும், சாயங்காலமே அதில் இருப்பதை எல்லாம் அழித்துப் புதிதாகப் போட அங்கே ஆள் தயார் என்று எங்களிடம் சொன்னபோது, புதுசின் பெட்டிகள் எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து வந்து கூடத்தில் இறங்கியிருந்தன.

நாள் கிழமை எல்லாம் மூடநம்பிக்கை என்று என்னைத் தினம் கேலி செய்கிறவன் அவன். அன்று காலை எழுந்ததும் காலண்டரைத்தான் பார்த்தான். பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கிறது, அதற்குள் எல்லாம் புதுசில் ஏறிவிட வேண்டும் என்றான். மருமகளைச் சர்க்கரைப் பொங்கல் வைக்க அடுப்படிக்கு அனுப்பினான். ஒயர்களைப் பிரித்து மாட்டுவதிலேயே ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. அதற்குமேல் பழசின் முன்னால் உட்கார்ந்தான். திரையில் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். மருமகள் அதில் ஒன்றைத் தட்டித்தான் தன் வேலையைத் திறப்பாள். இவன் அந்தப் படங்களை எல்லாம் வாரி ஒரு பிளாப்பியில் போட்டான். உள்ளங்கை அளவு கறுப்புச் சதுரம். அதை உருவிப் புதுசில் செருகினான். அங்கேயும் அதே படங்கள் வரிசையாக வந்து நின்றன.

"அவ்ளோதான். முடிஞ்சுது" என்று எழுந்து, மானிட்டருக்கு மூன்று பட்டை விபூதி போட்டுக் குங்குமம் வைத்தான். மணி பத்து இருபது.

நான் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் இரண்டு பாடத்தை அச்சகக்காரர் மாதிரிக்குக் கேட்டபோது, அதுவே ஒரு பிளாப்பி முழுக்க நிறைந்துவிட்டது. இதற்குமேல் கொள்ளாது என்று மருமகள் என் எதிரில்தான் சொன்னாள். மொத்தம் இருபத்தைந்து பாடம்.

"ஏம்பா, ஆறு வாரம் அவ அடிச்சது அந்த ஒன்னுலயா அடங்கிச்சு?"

"அடங்கும்மா."

"ரெண்டு பாடத்துக்கே ஒன்னு ரொம்பிடுச்சே?"

"அம்மா, இது உன் மில்லு இல்ல, நூல்கண்டு இல்ல. டேட்டா. அதுக்கு வெயிட்டு, சைஸு எதுவும் கெடையாது. நீ கீரையப் பாரு."

கீரையைப் பார்த்தேன். அவனைவிட அதில் பூச்சி குறைவாக இருந்தது.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் மாறும்போது போகிறவள் எந்திரத்தைவிட்டு நகர மாட்டாள். வருகிறவள் வந்து, ஓட்டிப் பார்த்து, நூல் அறுபடாமல் சுற்றுகிறது என்று தலையை ஆட்டிய பிறகுதான் போவாள். இதைச் சொல்லிக்கொடுக்க யாரும் சான்றிதழ் தரவில்லை. பழசை அனுப்பும் முன்னால் புதுசை ஒருமுறை திறந்து பார் என்று சொல்ல வாய் வந்தது. நீ கீரையப் பாரு என்றவனுக்கு அதை ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். அவன் பொங்கலைத் தின்றுவிட்டு, அரை நாள் லீவுதான் போட்டிருக்கிறேன், வண்டி வந்தால் பழசைக் கொடுத்தனுப்புங்கள் என்று கிளம்பினான்.

இரண்டு மணிக்கே வண்டி வந்துவிட்டது. ஓம்னி வேன். மருமகள் அப்போதுதான் பாத்திரம் கழுவி முடித்துக் கையைத் துடைத்தாள். டிரைவர் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினான். திரும்பி வந்து சிபியு பெட்டியில் கை வைத்தபோது நான் சொன்னேன்.

"கொஞ்சம் இருப்பா. ஏம்மா, உன் பாடத்தப் புதுசுல தொறந்து காட்டு."

"அவரு எல்லாம் போட்டுட்டாருன்னு சொன்னாரே அத்தை."

"அவன் சொன்னான். நீ தொற."

டிரைவரிடம் ஒரு டம்ளர் மோரைக் கொடுத்து உட்கார வைத்தேன். மருமகள் புதுசின் எதிரில் உட்கார்ந்து, அவள் தினம் தட்டுகிற படத்தைத் தட்டினாள். பாடம் வரவில்லை. திரையில் ஒரு டார்ச் விளக்கு வந்தது. அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெளிச்சம் அடித்து எதையோ தேடியது. தேடிக்கொண்டே இருந்தது. பிறகு இங்கிலீஷில் ஏதோ எழுதி நின்றுவிட்டது. அடுத்த படத்தைத் தட்டினாள். மறுபடி டார்ச்.

"என்னம்மா தேடுது?"

"பாடத்தத் தேடுது அத்தை." இன்னொரு படத்தையும் தட்டிப் பார்த்தாள். "இங்க ஒன்னுமே இல்ல. இந்தப் படம் வெறும் வழி காட்டுறதுதான். வழிய மட்டும் இங்க எடுத்தாந்துட்டாரு. வீடு பழசுலயே இருக்குது."

கதவில் ஒட்டின பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்ப் புது வீட்டில் மாட்டிவிட்டு, குடிவந்தாயிற்று என்று பொங்கல் தின்றிருக்கிறான். ஆறு மாதம் படித்தது இதற்கு.

டிரைவர் எழுந்தான். "அம்மா, டைம் ஆச்சு. வண்டி ஓனர் நாலு மணிக்குள்ள வரச் சொல்லியிருக்காரு."

மருமகள் என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அது மேனேஜர் காதுக்குப் போய், அங்கிருந்து ஸ்டோருக்குப் போய்ச் சிரிப்பாகிவிடும். உதவாக்கரையாக இருந்தாலும் என் வயிற்றில் பிறந்தவன்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமப்பா. நான் மறந்தே போயிட்டேன். வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல இருந்து ஒரு சாமான் வெளிய போகாது" என்றேன்.

"அய்யோ! ஏத்துனத எறக்கணுமா?"

"எறக்கணும்."

"எனக்கு வெள்ளியும் ஒன்னுதாம்மா, செவ்வாயும் ஒன்னுதான்."

"உனக்கு ஒன்னு. எங்க வீட்டு லட்சுமிக்கு வேற."

"கம்ப்யூட்டர்ல ஏதும்மா லட்சுமி? சரஸ்வதின்னாலும் ஒரு ஞாயம் இருக்கு."

"அவளும் வெள்ளிக்கிழமை எங்கயும் போறதில்ல. போய் எடுத்துட்டு வா."

அவன் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மானிட்டரைத் திரும்பவும் மாடி ஏற்றினான். இரண்டாவது டம்ளர் மோரை அவன் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக்கு அரிசி கொடுத்திருக்கிறேன், உப்புகூடக் கொடுத்திருக்கிறேன். ஒரு லட்சுமியும் கோபித்துக்கொண்டதில்லை.

சாயங்காலம் மகன் குதித்துக்கொண்டு வந்தான்.

"மேனேஜர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டியேம்மா! வெள்ளிக்கிழமையாம், லட்சுமியாம். எந்தக் காலத்துல இருக்குற நீ?"

"பத்தரைக்கு முன்னால பொங்கல் வெச்ச காலத்துலதாம்பா. நீ போய் உன் புதுசத் தொற."

திறந்தான். டார்ச் வந்தது. இவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு திரும்பி, "வைரஸா இருக்கும்" என்றான்.

மருமகள் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு "தள்ளுங்க" என்றாள். ஒரே வார்த்தை. அவன் தள்ளினான்.

பழசைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து ஒயரை மாட்டினாள். தெருமுனை பிரௌசிங் சென்டரில் இரண்டு பெட்டி பிளாப்பி வாங்கிவந்தாள். இந்த முறை படத்தை அல்ல, பாடத்தையே எடுத்துப் போட்டாள். முதல் பிளாப்பியைப் புதுசில் செருகித் திறந்தால், எழுத்தெல்லாம் கோழி கிளறினதுபோல் கிடந்தது. தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை.

"பாத்தியா, நான் சொல்லல வைரஸுன்னு?" என்றான் மகன். ஆறு வார உழைப்பு போய்விட்டதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மருமகள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தமிழ் எழுத்து இன்னும் புதுசுக்கு வரல அத்தை. ஃபான்ட்டுன்னு தனியா இருக்கும், அதையும் கொண்டுவரணும்" என்று என்னிடம் சொன்னாள். கொண்டுவந்தாள். கிளறல் எல்லாம் எழுந்து தமிழாக நின்றது.

அப்புறம் நான் சொன்னபடிதான் நடந்தது. ஒரு பிளாப்பி ஏறினதும் ஒவ்வொரு பாடத்தையும் கடைசிப் பக்கம்வரை ஓட்டிக் காட்ட வேண்டும். கையெழுத்துத் தாளை நான் மடியில் வைத்துக்கொண்டேன். தாளின் கடைசி வரியை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், திரையில் இருக்கிற கடைசி வரியைப் படிப்பேன். இரண்டும் ஒன்றானால் தலையை ஆட்டுவேன். பிறகுதான் அடுத்தது. ஒளிச்சேர்க்கை என்ற ஒரு வார்த்தைக்கு எனக்கு வெகுநேரம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒன்பதாவது பிளாப்பி பழுது, படிக்க மாட்டேன் என்றது. வேறொன்றில் திரும்பப் போட்டாள். மகன் கட்டிலில் படுத்துக்கொண்டு அங்கிருந்தே யோசனைகள் சொன்னான். மின்விசிறிச் சத்தத்தோடு அதுவும் ஒரு சத்தம்.

சனிக்கிழமை காலை அச்சகக்காரர் வந்தார். திரையில் நாலைந்து பாடத்தைத் திறந்து பார்த்தார். பிளாப்பிகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்க மருமகள் சரியாகச் சாப்பிடவில்லை. கார்மெண்ட்ஸ் அடையாள அட்டையை எடுத்துத் துடைத்து வைத்ததை நான் பார்த்தேன். சாயங்காலம் கீழ்வீட்டு ஓனரம்மா, போன் என்று கூப்பிட்டாள். மருமகள் படியில் ஓடினாள். திரும்பி வந்தபோது நடந்து வந்தாள்.

"எல்லாம் தொறந்துச்சாம் அத்தை. எட்டாங்கிளாஸ் தாளு புதன்கெழம குடுத்தனுப்புறாராம்."

அதற்குப் பிறகுதான் பழசு அத்திபெலே போக நான் சம்மதித்தேன். ஞாயிற்றுக்கிழமை அதே டிரைவர் வந்தான். "இன்னைக்கு லட்சுமி ஒன்னும் சொல்லலயாம்மா?" என்று பல்லைக் காட்டினான். தொழிற்சாலையில் என் மகன் அந்தக் கதையைத்தான் பரப்பியிருந்தான். கம்ப்யூட்டருக்கு நாள் பார்க்கிற கிழவி என்று பொம்மசந்திரா முழுக்க எனக்குப் பெயர். டார்ச் விளக்கைப் பற்றி அங்கே ஒருவருக்கும் தெரியாது. சொல்லி அவனைக் கிழிக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். வேண்டாம் என்று விட்டேன். அந்தச் சான்றிதழை மட்டும் என் வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். அவனே ஸ்டூலில் ஏறிக் கழற்றினான்.

திங்கட்கிழமை காலை கார்மெண்ட்ஸ் வேன் வந்து ஹாரன் அடித்தது. மருமகள் புதுசின் முன்னால் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது ஹாரனுக்கு அவள் விரல்கள் நின்றன. நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"அவ வரமாட்டா. நாளைல இருந்து இங்க நிறுத்தாத" என்றேன்.