சத்தம் நின்ற அழுகை

கையிலிருந்த சீப்பை வாங்கி வைத்ததற்குத்தான் முதல் தடவை அப்படி ஆனது. எண்பதுகளின் கடைசி, ஆவடி சேக்காட்டில் வீடு. மகள் ஜெசிந்தாவுக்கு இரண்டு வயது இருக்கும். தரையில் விழுந்து இரண்டு கத்தல் கத்தினாள். மூன்றாவதற்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. உதடு நாவற்பழம் தின்றதுபோல நீலமாகி உடம்பு துவண்டது. கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு வந்துவிட்டது. எனக்குத்தான் வரவில்லை.

நான் லேசுப்பட்ட ஆளில்லை. ஐந்தாவதோடு படிப்பை விட்டு, பாடியில் ஒரு கம்பெனியில் எடுபிடியாக நுழைந்து, அம்பத்தூரில் சொந்தமாக லேத் பட்டறை போட்டவன். என் குரலுக்குப் பட்டறையே அடங்கும். வலிப்பு என்றால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று தெருவில் சொன்னார்கள். சாவிக்கொத்து எதற்கு? அவள் உள்ளங்கை அளவுக்கு நானே லேத்தில் ஒரு இரும்புத் துண்டைப் பளபளவென்று கடைந்து வந்தேன். மூச்சு நின்றால் கையில் திணிப்போம். அது நழுவித் தரையில் உருண்டு ஓடும்.

அப்புறம் வீட்டில் ‘வேண்டாம்’ என்று சொல்வதையே விட்டுவிட்டோம். குச்சி ஐஸ்காரர் ஏழுமலைக்கு இது தெரிந்துபோயிற்று. எங்கள் வாசலில் மட்டும் மணியை நிறுத்தவே மாட்டார்.

குழந்தை மருத்துவரம்மா நெஞ்சைச் சோதித்தார், இரத்தம் எடுத்துப் பார்த்தார். மூச்சடைப்பு அழுகை என்றார் (அழும் பிள்ளை மூச்சை வெளியே விட்டுவிட்டு, சற்று நேரம் உள்ளே இழுக்காமல் நின்றுவிடுவது). இரத்தசோகையும் இருந்தது (இரும்புச்சத்துக் குறைவு).

“வேணும்னு பண்றாளா?” என்றேன்.

“இல்லீங்க, அது அவ கையில இல்ல. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. உலுக்காதீங்க, வாயில ஒண்ணும் வைக்காதீங்க. மூச்சு தானா வரும். ஆனா அதுக்குப் பயந்து கேட்டதெல்லாம் குடுத்துப் பழக்காதீங்க.”

நான் கடைந்த துண்டை எடுத்துக் காட்டினேன். “வேலை சுத்தமா இருக்கு. ஆனா இரும்பு வயித்துக்குள்ள போகணும்” என்று சொட்டு மருந்து எழுதினார்.

அந்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்தோம். ஐஸ் மணி அடித்தது. பிள்ளைக்கு இருமல். “வேண்டாம்மா” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

விழுந்தாள். கத்தினாள். சத்தம் நின்றது.

என் மனைவி ஸ்டெல்லா அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். ஏழுமலை ஐஸை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். “இன்னா அண்ணாத்தே, கொயந்தைய சாவடிக்கப் பாக்கறியா? துட்டே வாணாம், இந்தா குடு!”

என் கை நீண்டுவிட்டது.

“கைய மடக்குங்க” என்றாள் ஸ்டெல்லா. “பட்டறைல மட்டுந்தான் வீராப்பா?” அவள் கண்ணிலும் தாரை தாரையாக நீர்.

நீலம் ஏறிக்கொண்டே போனது. ஐஸ் உருகி ஏழுமலையின் முழங்கையில் சொட்டியது. மருத்துவரம்மா சொன்னது தப்பாக இருந்தால்? எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பிறகு ஒரு மூச்சு. அதன் பின்னாலேயே அழுகை, தெருவே கேட்கும்படி. ஏழுமலை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றோடு தீர்ந்துவிடவில்லை. மருந்து பிடித்து, வருவது மெல்லக் குறைந்து, பள்ளிக்கூடம் போன பிறகு நின்றது. உங்கள் பிள்ளைக்கு வந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு திரும்பும் என்று நான் கண்டதைச் சொல்கிறேன். பயம் போய்விடும் என்று சொல்ல மாட்டேன்.

இப்போது வளர்ந்துவிட்ட ஜெசிந்தா போனில் என்னோடு சண்டை போடுவாள். நடுவில் சட்டென்று பேச்சை நிறுத்துவாள். கடிகாரத்துக்கு அது ஒரு நொடி. என் நெஞ்சு அப்படியே நின்றுவிடும். அந்தப் பக்கம் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு வாய் வரும்.

“ம்... மேல திட்டும்மா.”