கருமாதி ஆனவரின் கைச்சங்கிலி

பிரசவத்தின் ரத்தமும் நீரும் எனக்கு ஒருநாளும் குமட்டியதில்லை. ஐம்பதுகளில் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அரசாங்க நர்சாக ஊர் ஊராய் அலைந்தவள் நான். முழங்கை வரை நனைந்து நின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுத்த நிமிடமே சோறு தின்றிருக்கிறேன். என்னைக் குமட்ட வைத்தவர்கள் வேறு ஆட்கள். குளித்து முழுகி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, நாற்காலியைத் துடைத்துப் போட்டு "வாங்க நர்சம்மா" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர்கள்.

அந்தக் கைச்சங்கிலியை நான் முதலில் பார்த்தது குருபரப்பள்ளியில். ரோட்டோரம் டீயும் சாப்பாடும் விற்கிற பாய் ஒருவரின் மனைவிக்குப் பிரசவம் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களுடைய மூத்த குழந்தை தவழ்ந்து வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தது. அதன் அரைஞாண் கயிற்றில் தாயத்தோடு சேர்த்து ஒரு சின்னச் சங்கிலியில் கோத்த வெள்ளித் தகடு தொங்கியது. எச்சிலும் எண்ணெயும் ஏறிக் கன்னங்கரேலென்று இருந்தது. அழுக்கைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். உள்ளேயிருந்து இங்கிலீஷ் எழுத்துகள் வந்தன. ஒரு எண், ஒரு பெயர், அதற்குக் கீழே இந்து என்று மதம். சண்டையில் செத்தால் இன்னார் என்று தெரிவதற்காகச் சிப்பாய்கள் மணிக்கட்டில் போட்டுக்கொள்ளும் சங்கிலி அது.

பாய்க்கு நன்றாக நினைவிருந்தது. ஜப்பான் சண்டையெல்லாம் ஓய்ந்தபிறகு, பட்டாளத்துக் கால்சட்டையும் தாடியுமாக ஒருவர் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து நடந்தே வந்தாராம். பேசாமல் சாப்பிட்டார். சங்கிலியைக் கழற்றி வைத்து, இதை வைத்துக்கொண்டு ஒரு பழைய வேட்டி கொடுங்கள் என்றார். எந்த ஊர் என்று பாய் கேட்டதற்கு, இனிமேல் ஊர் இல்லை என்றாராம். பிறகு ஓடு ஏற்றி வந்த லாரியில் ஏறி அத்திப்பள்ளிப் பக்கம், அப்போதைய மைசூர் எல்லைக்கு அந்தாண்டை, ஒரு செங்கல் சூளையில் இறங்கிக்கொண்டாராம். பட்டாளத்துச் சாமானைக் கட்டினால் குழந்தை பயந்து அலறாது என்று பாயின் மனைவிதான் அதைக் கயிற்றில் கோத்திருக்கிறாள். உரியவர்களிடம் சேர்த்துவிடுங்கள் என்று பாயே அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

அந்தப் பெயர் எனக்குப் புதிதில்லை. நாகரசம்பட்டிப் பக்கம் ஒரே ஒரு குடும்பம்தான் தங்கள் குலசாமியின் அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும். அதை நான் ஒரு பெண்ணின் முன்கையில் பச்சை குத்திப் பார்த்திருக்கிறேன். மாந்தோப்புக்காரர் வீட்டில் இரண்டாவது மருமகள் அவள், முப்பது வயதுகூட ஆகாத விதவை. புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பதால் கல்யாணமான புதிதில் கையில் குத்திக்கொண்டது. வளையல் இல்லாத கையில் அது பளிச்சென்று தெரியும்.

அந்த வீட்டில் அவளை நடத்திய லட்சணத்தைச் சொல்கிறேன். அவள் புருஷனின் அண்ணன், அந்த வீட்டு மூத்தவர்; அவருடைய மனைவிக்கு நான் பிரசவம் பார்க்கும்போது அவள் உள்ளே வரக்கூடாது. முண்டச்சி முகத்தில் குழந்தை விழிக்கக் கூடாதாம். ஆனால் எல்லாம் முடிந்ததும் ரத்தத் துணிகளைக் கூடையில் போட்டுக் கொல்லையில் அவள் முன்னால்தான் வைப்பார்கள். அதை அலச மட்டும் அந்தக் கை ஆகும். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த முறை போனபோது, சங்கிலியைக் காட்டாமல், அவள் புருஷனைப் பற்றிப் பேச்சுக்கொடுத்தேன். பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவுக்குப் போனவரிடமிருந்து வருஷக்கணக்கில் தகவல் இல்லை. மூத்தவர் கோடாங்கியிடம் குறி கேட்டார். உயிர் இல்லை என்று குறி சொன்னது. வைக்கோலில் உருவம் கட்டிக் கொளுத்திக் கருமாதி செய்து, இவள் தாலியை வாங்கிவிட்டார்கள். எப்போது என்று கேட்டேன். சண்டை முடிவதற்கு முந்தின ஆடியில் என்றாள். சண்டை முடிந்தபிறகல்லவா அந்த மனிதர் குருபரப்பள்ளியில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார்? அப்படியென்றால் இவள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ரத்தத் துணி அலசுவது யாருக்காக? அவளுக்குப் புருஷன் இருக்கிறானா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நேரே மூத்தவரிடம் போனேன். தோப்பில் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். சங்கிலியைப் பார்த்துத் திடுக்கிடுவார், மறைப்பார் என்று நினைத்தேன். அவர் எச்சிலை ஓரமாகத் துப்பிவிட்டு, நிதானமாக, ஏதோ புண்ணிய காரியம் செய்ததைப்போலச் சொன்னார்.

"வந்தான்மா. இதோ, இந்தப் புளியமரத்தாண்டதான் நின்னான். கருமாதி ஆனவன ஊட்டுக்குள்ள உட்டா குடும்பத்துக்கு ஆவுமா? நீங்களே சொல்லுங்க. எலையில சோறு போட்டு, வெளியிலயே அனுப்பிட்டேன்."

பரிகாரம் எதுவும் இல்லையா என்று கேட்டேன். இருந்ததாம். புதிதாகப் பிறந்த குழந்தைக்குச் செய்வதுபோல எல்லாச் சடங்கும் செய்து, மறுபடியும் பெயர் வைத்து, சொந்தப் பெண்டாட்டிக்கே திரும்பத் தாலி கட்ட வைத்தால் உள்ளே சேர்க்கலாம் என்று பூசாரியே சொன்னாராம். ஆனால் அதற்குள் தோப்பைப் பாகம் பிரித்துத் தம்பி பங்கையும் இவர் பெயருக்கு எழுதியாகிவிட்டது. எல்லாவற்றையும் மறுபடி கலைப்பது தொல்லை என்றார். தொல்லை! அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அன்றைக்கு அவளைக் களையெடுக்கிற சாக்கில் மேட்டுக்காட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். "அது பாட்டுக்கு நிம்மதியா கெடக்குது, நீங்க போயி கலைக்காதீங்க" என்றார். ஊரே சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. அவளோடு தண்ணீர் எடுக்கிற பெண்கள், அவளோடு மாங்காய் பொறுக்குகிறவர்கள், நான் யார் யாருக்கெல்லாம் தொப்புள்கொடி அறுத்தேனோ அவர்கள், எல்லோருக்கும் தெரியுமாம். அந்த ஊரில் அன்று ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த மனிதர் மேல் எனக்கு அப்போது பரிதாபம்தான். உயிரோடு திரும்பி வந்து, சொந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாமல் போனவர் அல்லவா. சங்கிலியோடு பஸ் ஏறினேன். அத்திப்பள்ளி தாண்டி, சூளைப் புகையைப் பார்த்து நடந்து, விசாரித்தேன். அவர் அங்கே மேஸ்திரியாக இருந்தார். நல்ல தொப்பை. மணிக்கட்டில் கைக்கடிகாரம். பக்கத்தில் ஓட்டு வீடு, வாசலில் குழந்தைகள்.

சங்கிலியை நீட்டினேன். வாங்கிப் புரட்டிப் பார்த்தார். எழுத்தைக் கட்டை விரலால் தடவினார்.

"எங்கண்ணன் செஞ்சது ஒரு வகையில நல்லதாப் போச்சிங்க," என்றார். "அங்க போயி அந்தக் காடு கழனியில யாரு சாவறது?"

அவள் உயிரோடு வெள்ளைப் புடவையில் இருப்பது தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாம். அன்றைக்கே அண்ணன் சொல்லிவிட்டாராம். கருமாதி செய்தபிறகு அவளுக்கும் தனக்கும் என்ன இருக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஒரு ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாமே என்றேன். தலையைச் சொறிந்தார். அதற்குள் வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, யார் வந்திருப்பது என்று கன்னடத்தில் கேட்டாள். இவரும் கன்னடத்தில், அம்மை குத்த வந்த அம்மா என்று கூசாமல் சொன்னார். பிறகு சங்கிலியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, இதை இனிமேல் இங்கே கொண்டுவராதீர்கள், வீட்டில் தெரியாது என்று கெஞ்சினார். அவர் கை வியர்த்துப் பிசுபிசுவென்று இருந்தது. சூளைத் தொட்டியில் சேறும் தண்ணீருமாகக் கிடந்ததில் என் கையை விட்டுக் கழுவினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார், பார்க்கட்டும் என்றுதான் கழுவினேன்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. சொல்லாமல் விட்டால் நானும் அந்த ஊர்க்காரிகளில் ஒருத்தி ஆகிவிடுவேன். சொன்னால் அவள் எங்கே போவாள்? ஆனாலும் அவளுடைய விஷயத்தை அவளுக்குத் தெரியாமல் வைத்திருக்க நான் யார்?

நாகரசம்பட்டிக்குப் போன அன்று அமாவாசை. அவள் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலோடு புருஷனுக்குப் படைக்கச் சோறு பொங்கி இறக்கியிருந்தாள். பருப்பும் வாழைக்காயும் செய்து, வாழையிலையும் நறுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு அமாவாசைக்கும் இப்படித்தான். பொழுது விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாது, காக்கை வந்து எடுத்தபிறகுதான் வாயில் வைப்பாள். அவளைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்ச் சங்கிலியைக் கையில் கொடுத்தேன். குருபரப்பள்ளியில் தொடங்கி, புளியமரம், பூசாரி சொன்னது, சூளை வீடு, குழந்தைகள், அவர் பேசிய பேச்சு வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

அழுவாள், மயங்கி விழுவாள் என்று தாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவள் சங்கிலியைத் தன் முன்கையில் இருந்த பச்சையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இங்கிலீஷ் அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"என்னப் பத்திக் கேட்டாரா?" என்றாள்.

"இல்ல," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். நறுக்கி வைத்த இலையைப் போட்டு, படையலுக்கு வைத்திருந்த சோற்றைத் தனக்கே அள்ளி வைத்து, பருப்பை ஊற்றிப் பிசைந்தாள். பாத்திரச் சத்தம் கேட்டு மூத்தவரின் மனைவி கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். அமாவாசையும் அதுவுமாய் இப்படி ஒரு அநியாயமா, காக்கைக்குப் போடாமல் தின்கிறாயே என்று வாயிலடித்துக்கொண்டாள்.

இவள் ஓர் உருண்டையைத் தனியாக உருட்டிக் கையில் எடுத்து, அக்காவின் முன்னால் நீட்டினாள்.

"வெக்கிறேன்க்கா. யாருக்கு வெக்கணும், நீயே சொல்லு."

அந்தம்மாள் என்னைப் பார்த்தாள், இவள் மடியில் கிடந்த சங்கிலியைப் பார்த்தாள். இவள் கையை நீட்டியபடியே காத்திருந்தாள். பிறகு அந்த உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.