கேசட்டில் இல்லாத பக்கங்கள்

புத்தகத்தைக் காதால் கேட்பதும் கண்ணால் படிப்பதும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் சென்னையிலிருந்து வந்த அண்ணன் மகள் அதைத்தான் சொன்னாள். முன்னறையில் என் புத்தக அலமாரிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்து நீட்டினாள்.

"அத்தை, முழு நாவலும் இதுல இருக்கு. நீங்க கண்ணைப் போட்டுக் கஷ்டப்படுத்திக்க வேணாம். படிக்கிறதும் கேக்கறதும் ஒண்ணுதான்."

"முழு நாவல்னு உனக்கு யார் சொன்னாங்க?"

"அட்டையிலயே போட்டிருக்கே அத்தை."

அட்டையில் ஆயிரம் போடுவார்கள். என் குரல் ஏறிவிட்டது. பாவம், நல்ல மனதோடு வாங்கி வந்த பெண் முழித்தாள். பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து, தண்ணீர் மோட்டார் போடுகிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டார். மோட்டார் காலையிலேயே போட்டாகிவிட்டது. எனக்கு ஏன் கோபம் வருகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் என் வலது கண்ணில் விழித்திரை பிய்ந்துகொண்டது. இடது கண் சின்ன வயதிலிருந்தே பேருக்குத்தான் கண். வெளிச்சமா இருட்டா என்று சொல்லும், அவ்வளவுதான். ஊரை ஒட்டின வேங்கிக்காலில் அரசாங்க ஆபீசில் நாள் பூராவும் ஃபைல் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் நாவலை எடுத்துக்கொண்டு உட்காருகிற ஆள் நான். சென்னைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பினேன். குப்புறப் படுக்க வேண்டும், எழுத்துப் பக்கமே போகக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது, இருமக் கூடாது, அழக் கூடாது, கோபப்படக் கூடாது என்றார்கள். கடைசி இரண்டும் டாக்டர் சொன்னதா, எங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டதா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அந்த மாதங்களில் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்ட விதத்தைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கணீரென்ற குரல். நான் வாங்கி வைத்து இன்னும் படிக்காமல் இருந்த தடிமனான நாவல் ஒன்றை எடுத்து, தினமும் சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து டேப் ரெக்கார்டரில் படித்துப் பதிவு செய்வார். மறுநாள் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனபிறகு, உள்ளறையில் தலையணையில் முகம் புதைத்துப் படுத்தபடி நான் அதைக் கேட்பேன். குக்கர் விசில் கேட்கும். பௌர்ணமியன்று பதிவான கேசட்டில் கதைக்குப் பின்னால் செங்கம் ரோட்டில் கிரிவலம் போகிற ஜனங்களின் இரைச்சலும் பீப்பீ விற்கிறவனின் சத்தமும் வந்துகொண்டே இருக்கும். அங்கங்கே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். டேப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார் போலிருக்கிறது, எனக்காகத் தொண்டை வறளப் படிக்கிறாரே என்று உருகிப்போவேன்.

நாவலில் ஒருத்தி வருகிறாள். அவளுடைய அப்பா அவளுக்கென்று விட்டுப்போன கொஞ்சம் நிலத்தைப் புருஷன்காரன் அவளிடம் மூச்சுவிடாமல் தன் தம்பிக்கு உழுதுகொள்ளக் கொடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து, சாவகாசமாகச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு விஷயத்தைச் சொல்கிறான். 'டக்.' அவள் சோறு போட்டாள், எல்லோரும் சாப்பிட்டார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவள் என்ன பொம்பளை? வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறாள்? அடுத்தடுத்த கேசட்டிலும் இதே கதைதான். கொழுந்தன் வந்து நையாண்டி பண்ணுகிறான், 'டக்', அவள் காப்பி கொடுக்கிறாள். மாமியார் குத்திப் பேசுகிறாள், 'டக்', அவள் வாசல் தெளிக்கிறாள். எழுதியவர்மேல்கூட எனக்கு எரிச்சல் வந்தது.

பக்கத்து வீட்டு அக்கா அந்த நாவலை என்னை முந்திக்கொண்டு என்னிடமே இரவல் வாங்கிப் படித்தவர். பார்க்க வந்த இடத்தில் அவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

"இப்படி ஒரு வாயில்லாப் பூச்சியைப் பத்தி இவ்ளோ பெரிய புக்கு எழுதணுமாக்கா?"

"யாரு, அவளா வாயில்லாப் பூச்சி? அவ வாயைத் தொறந்தா தெருவே நின்னு கேக்குமேம்மா!"

"நீங்க வேற எதையோ நெனச்சிட்டுப் பேசறீங்க. நான் வரி வரியாக் கேட்டிருக்கேன்."

"நானும் வரி வரியாத்தான் படிச்சேன்" என்று ஆரம்பித்தவர், என் கண் கட்டு ஞாபகத்துக்கு வந்தோ என்னவோ, "சரி விடும்மா, நீ ஜாஸ்தி பேசாதே" என்று எழுந்துவிட்டார். எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம்.

மெல்ல மெல்லப் பார்வை தெளிந்தது. பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, நேரே முன்னறைக்குப் போனேன். அது என் அறை, தெருப்பக்கம் தனி வாசல் உண்டு. அலமாரி என் சம்பளத்தில் செய்தது. அதுவரை என்னை அந்தப் பக்கம் விடவில்லை. நிலை தடுக்கி விழுந்துவிடுவேனாம். கதவு உள்ளே தாழ்போட்டிருந்தது. தட்டினேன். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கதவைத் திறந்து, கைகூப்பி "வணக்கம்" என்றாள்.

ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ரூம் விடுவது சகஜம்தான். ஆனால் இது என் ரூம். அலமாரி இருந்த சுவரை ஒட்டி அவளுடைய கட்டில் கிடந்தது. அலமாரி மாட்டுக்கொட்டகையில் நின்றது. புத்தகங்கள் பரண்மேல் அரிசிச் சாக்கில் கட்டிக் கிடந்தன. ரூமை விடச்சொல்லி யோசனை சொன்னது கொழுந்தனார். சரி என்று தலையாட்டியது இவர். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்திலேயே எல்லாம் முடிந்திருக்கிறது.

"உனக்குத்தான் கேசட் இருக்கே. ரூம் சும்மாதானே கெடக்குதுன்னுதான்…" என்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"டென்ஷன் ஆகாதே. கண்ணு."

அந்த ஒரு சொல்லை வைத்து என் வாயை எத்தனை முறை அடைத்தார்கள்! எதைக் கேட்டாலும் கண்ணு. குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் கண்ணு. திரும்பவும் கண் போய்விடுமோ என்று எனக்கும் பயம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். சாக்கிலிருந்து அந்த நாவலை மட்டும் தேடி எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் போனபிறகு டேப்பை ஓடவிட்டு, புத்தகத்தை விரித்து வைத்து, வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டேன். அவன் சட்டையைக் கழற்றி மாட்டுகிறான். விஷயத்தைச் சொல்கிறான். 'டக்.' டேப் சோறு போடப் போய்விட்டது. என் விரல் அங்கேயே நின்றது. அதற்குக் கீழே ஒரு வரியல்ல, இரண்டு வரியல்ல, பக்கம் பக்கமாக இருந்தது. சோற்றுக் குண்டானை நடுவீட்டில் இறக்கி வைத்துவிட்டு அவள் புருஷனை நிற்கவைத்துக் கேட்கிறாள். என் அப்பன் மண்ணை எடுத்துக் கொடுக்க நீ யார் என்று கேட்கிறாள். அவன் கழற்றிய சட்டையையே திரும்பப் போட்டுக்கொள்கிறான். பாவி மகள், என்ன பேச்சு பேசுகிறாள்! அதற்குப் பிறகுதான் சோறு போடுகிறாள். அந்தச் சோறு வேறு சோறு.

எல்லா 'டக்'கையும் சரிபார்த்தேன். அவள் கோபப்பட்ட இடம், அழுத இடம் ஒன்று பாக்கியில்லை, அத்தனையையும் வெட்டியிருந்தார். தண்ணீர் குடித்தாராம், தண்ணீர்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் கண்ணுக்காகத்தான் செய்தார் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் அச்சடித்த புத்தகத்தில் ஒரு பக்கம் கிழிந்திருந்தால் கிழிசல் தெரியும், பக்க எண் காட்டிக்கொடுக்கும். குரலில் எந்தக் கிழிசலும் தெரியவில்லை. அவளை ஊமையாக்கி என் காதில் விட்டார். நானும் நம்பி, மாதக்கணக்கில் அவளையே திட்டிக்கொண்டு கிடந்தேன். அவளை ஊமையாக்கிய அதே வீட்டில் என் அறையும் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வேகவைத்த மல்லாட்டையை உரித்துக் கடலையைத் தின்றுகொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன்.

"நீங்க இத்தனை நாள் எனக்குப் படிச்சீங்க. இன்னைக்கு நான் படிக்கிறேன்."

அவர் விட்ட இடங்களை மட்டும் படித்தேன். முதலில் சிரித்தார். அப்புறம் உரிப்பதை நிறுத்தினார். "உன் கண்ணுக்காகத்தாம்மா…" என்று இழுத்தார். நான் நிறுத்தவில்லை. அவளுடைய குரல் எப்படி இருந்திருக்குமோ அப்படியே படித்தேன். முன்னறையில் அந்த வெள்ளைக்காரப் பெண் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. நிலத்துச் சண்டைக்கு வந்தேன். குண்டானை இறக்கினேன். அப்பன் மண்ணைக் கேட்டேன். அந்தப் பத்தியின் கடைசி வரியைப் படித்துவிட்டு, தலை நிமிராமல், அதே குரலில் சொன்னேன்:

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"



"இது புக்குல இல்லையே" என்றார்.

"இருக்கு. நீங்க படிக்கும்போது விட்டுட்டீங்க."

பார்க்கலாம் என்று கையை நீட்டினார். நான் புத்தகத்தைக் கொடுக்கவில்லை.