சந்தனம் வேண்டாம் என்று சொன்னேன்

பேத்திக்கு முதல் மொட்டை. திருத்தணி மலையில் முடியிறக்கியதும் தலைக்குச் சந்தனம் பூசுவார்கள். நான் தடுத்தேன். கடையில் விற்கிற சந்தனம் பெரும்பாலும் சாயமும் வாசனையும் சேர்த்த கல் மாவு என்று எங்கோ படித்திருந்தேன். பள்ளியில் வேதியியல் நடத்தியவன் என்பதால் வீட்டில் என் பேச்சு எடுபடும்.

"எல்லாரும் பூசினுதான இருக்காங்க நைனா?" என்றாள் மகள்.

"எல்லாரும் செஞ்சா சரியாயிடுமா?"

பையிலிருந்து குழந்தைப் பவுடர் டப்பாவை எடுத்து, ஈரத் தலைமேல் கவிழ்த்துக் குலுக்கினேன். ஆடிக் காற்று. மூடி கழன்று மாவு மொத்தமும் கொட்டியது. அழுதுகொண்டிருந்த குழந்தை அதை வாய்வழியாக உள்ளே இழுத்துவிட்டது. அப்புறம் அழவில்லை, இருமியது. உதடு நீலம் பாய்ந்தது. மருமகன் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆட்டோ மலை இறங்கும்வரை காலி டப்பாவை ஏனோ கையிலேயே வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். மறுநாள் வரை பார்த்துவிட்டு, பயமில்லை என்றார் டாக்டர். "தோல்ல பட்டது பிரச்சினை இல்லைங்க. மூச்சுல போச்சு பாருங்க, அதுதான். குழந்தைக்குப் பவுடரே வேணாம்."

வீட்டில் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். முதல் சரக்கு டால்க். கோலம் போடும் மாக்கல்லின் இனம்தான், நைசாக அரைத்தது. மனைவி வாங்கி வைத்திருந்த சந்தனப் பொட்டலத்திலும் முதல் சரக்கு அதுவே. குழைத்துப் பூசியிருந்தால் பறந்திருக்காது.

"ஆங், படிச்சவரு வேணாம்னுட்டாரு," என்றாள் மனைவி.

அன்றிலிருந்து மகள் குழந்தையை என் கையில் தருவதில்லை. ஒருநாள் கேட்டாள்: "எங்களுக்கும்தான் குளிப்பாட்டி பவுடர வெள்ளையா அடிச்சி வுட்டீங்க. அதுக்கு என்ன சொல்ற நைனா? நல்லதா, கெட்டதா?"

தேடிப் படித்தேன். தூய டால்க் தோலுக்குக் கெடுதல் செய்யாது என்றது ஒன்று. பூமிக்குள் அதன் பக்கத்திலேயே ஆஸ்பெஸ்டாஸும் கிடக்கும், கலந்துவிட்டால் புற்றுநோய் வரலாம் என்றது இன்னொன்று. சோதித்துத்தான் விற்கிறோம் என்கிறார்கள் விற்பவர்கள். சில டப்பாக்களில் இப்போது டால்குக்குப் பதில் சோள மாவு. டால்க் மிக மென்மையான கனிமம், எளிதில் எதனோடும் வினைபுரியாது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதில் தவறில்லை. மூச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

வேர்க்குருவுக்கு நான் மட்டும் இன்னும் கழுத்தில் பவுடர் போடுகிறேன். போன வாரம் பேத்தி தத்தித் தத்தி வந்து, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள். மகள் தடுக்கவில்லை. என் கழுத்தைப் பார்த்தாள்.

குழாயடிக்குப் போய் ஈரத் துண்டால் கழுத்தைத் துடைத்தேன். எவ்வளவு துடைத்தால் போதும் என்று தெரியவில்லை, மறுபடியும் துடைத்தேன். திரும்பி வந்தபோது பேத்தி மருமகன் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.