இரண்டு முறை படித்த இதயம்

மார்லிஸ் டைக்ஸ்ட்ரா எங்கள் ஊர் மருந்துக்கடையில் உதவியாளராக இருந்தவள். அயோவாவின் இந்த மூலையில் அடுத்த மருந்துக்கடைக்கு நாற்பது மைல் போக வேண்டும். தான் மருந்தாளுநர் ஆகப்போவதாக நாற்பத்தொரு வயதில் அவள் சொன்னபோது, கடை முதலாளியும் அங்கே ஒரே மருந்தாளுநருமான ஓரின் வெல்ட்ஹைஸ் சிரிக்கவில்லை.

"ஆறு வருஷம்னா என் முட்டி தாங்கும்மா. ஏழுன்னா கடையை வித்துடுவேன்," என்றார்.

ஆறில் முடிக்க வழி ஒன்று உண்டு. பட்டம் வாங்கும்வரை காத்திராமல், தேவையான பாடங்களை இரண்டே ஆண்டில் முடித்துவிட்டால் மருந்தியல் கல்லூரி தன் நான்கு ஆண்டுப் படிப்புக்கு முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும். எங்கள் ஊர்க் கல்லூரியில் மதிப்பெண் பதிவுகளைக் கவனித்தவன் நான். பாடங்களை இவளைப் போல அடுக்கியவரை நான் பார்த்ததில்லை. தேவாலயத்தில் துக்கச் சாப்பாடு என்றால் எந்தத் தட்டு எப்போது அடுப்புக்குள் போக வேண்டும் என்று முடிவு செய்பவள் அவள்தான். வேதியியலையும் கணக்கையும் அப்படியே வரிசைப்படுத்தினாள். பகலில் கடை, மாலையில் வகுப்பு.

உடற்கூறியல் இரண்டு பாகம். முதல் பாகத்தைப் பக்கத்து ஊர் மாலைக் கல்லூரியில் முடித்தாள். அங்கே இரண்டாம் பாகம் கரிம வேதியியல் வகுப்பு நேரத்தோடு மோதியதால் அதை எங்கள் கல்லூரியில் எடுத்தாள். இரண்டு இடத்திலும் பாடத்தின் பெயர் ஒன்றுதான். ஆனால் உடம்பை இரண்டு பாகமாக வெட்டிய இடம் வேறு. அவர்கள் எலும்பு, தசையோடு இதயத்தை முதல் பாகத்தில் வைத்து, நரம்பை இரண்டாவதுக்குத் தள்ளியிருந்தார்கள். நாங்கள் நேர்மாறு: நரம்பு முதலில், இதயம் இரண்டாவதில். இதயத்தை மறுபடியும் நடத்தும்போது, தெரிந்த பாடம்தானே என்று அவள் மகிழ்ந்தாளாம்.

மே மாதம் மருந்தியல் கல்லூரி இடம் தந்தது, ஒரு நிபந்தனையோடு: ஆகஸ்டுக்குள் நரம்பு மண்டலம் படித்திருக்க வேண்டும். இங்கே அந்த வகுப்பு இலையுதிர் காலத்தில்தான். தவறினால் ஒரு வருடம் போய்விடும்.

அவள் கடைக்குப் போய் ஓரினிடம் சொன்னாள். அவர் மாத்திரை எண்ணுவதை நிறுத்தவில்லை.

"நரம்பே படிக்கலையா? அதான் என்னை இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டே."

"கேலி பண்ணாதீங்க ஓரின். சூ சிட்டியில கோடை வகுப்பு இருக்கு. தினம் காலையில. கடையை யார் பார்ப்பா?"

"நான் இல்லையா?"

அதுதான் அவளுடைய கவலையே. ஓரினுக்குக் கணினி என்றால் ஆகாது. காப்பீட்டு நிறுவனத்தோடு தொலைபேசியில் பேசினால் சண்டையில்தான் முடியும். முதல் வாரம் கூட்டம் வாசல்வரை நின்றது. பிறகு அவர் கதவில் ஓர் அட்டையை மாட்டினார்: மார்லிஸ் நரம்பு படிக்கப் போயிருக்கிறாள், மதியம் வாருங்கள். ஊரும் முணுமுணுத்துக்கொண்டே மதியத்துக்கு மாறியது. நானும் என் ரத்த அழுத்த மாத்திரையை மதியம்தான் வாங்கினேன். மார்லிஸ் நேரே காரிலிருந்து இறங்கி, மேலங்கியை மாட்டிக்கொண்டு, காலையில் ஓரின் சண்டை போட்டவர்களை எல்லாம் தொலைபேசியில் சமாதானப்படுத்துவாள்.

தேர்ச்சி பெற்றாள். ஆகஸ்டில் மருந்தியல் கல்லூரிக்குக் கிளம்பிப் போனாள். விடுமுறை தோறும் வந்து கடையில் நின்றாள்.

சொன்னபடி ஆறாவது வருடம், அவள் மருந்தாளுநராக மருந்து கொடுக்கும் மேசைக்குப் பின்னால் நின்ற முதல் நாள், வாடிக்கையாளர் நாற்காலியில் முதல் ஆளாக ஓரின் உட்கார்ந்திருந்தார்.

"முட்டி வலிக்கு என்னம்மா குடுப்பே?"

"மருந்து இருக்கட்டும். முதல்ல அந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்காதீங்க," என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை.