முப்பத்தொரு பேர், முப்பத்தாறு கோடு

அன்றைக்குப் பஸ்ஸில் இருந்தவர்கள்: டிரைவர் விஜே அண்ணன். கொண்டக்டர் நான். முன் சீட்டில் தபால்கந்தோர் மாணிக்கம் அண்ணன். அவருக்குப் பின்னால் தையல்கடை பரீதா தாத்தா; முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். கதவோர சீட்டில் மலர். மற்ற இருபத்தாறு பேரின் முகம் தெரியும், பெயர் எல்லாம் ஞாபகம் இல்லை. மொத்தம் முப்பத்தொரு பேர்.

அது மடுல்கெல்லயிலிருந்து கண்டிக்குப் போகும் காலை பஸ். நான் இப்போது குண்டசாலையில் ஓட்டோ ஓடுகிறேன். போன கிழமை, தினமும் ஏறும் நர்ஸ் மிஸ் இதை ஞாபகப்படுத்திவிட்டார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வருடம் முடியும்போது ஃபோனே அந்த வருடம் நாம் அதிகம் கேட்ட பாட்டுகளை வரிசையாகக் காட்டுமாம்.

"உங்கட ஃபோனிலயும் வந்திருக்கும் அண்ணை. தாங்கோ பாப்பம்."

கொடுத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒரே பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறியள். அவ்வளவு நல்ல பாட்டோ?"

"தெரியல மிஸ்," என்றேன். ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒரு லொறி வந்தது. ஒதுங்கினேன்.

வருடப் பாட்டு என்பது ஃபோன் கண்டுபிடித்த விசயம் இல்லை. எங்கள் பஸ்ஸில் அது முன்னமே இருந்தது. டிசம்பர் கடைசியில் ஆளுக்கு ஒரு பாட்டு சொல்ல வேண்டும். அந்த வருடம் வந்த பாட்டாக இருக்க வேண்டும். பஸ் ஓட்டக் கணக்கு எழுதும் பழைய ரன்னிங் ஷீட்டின் பின்பக்கம் நான் ஒவ்வொரு பாட்டுக்கும் கோடு போடுவேன். எனக்கு எழுத்து அவ்வளவு வராது. மூன்றாம் வகுப்போடு சரி. பாட்டின் பெயரை மாணிக்கம் அண்ணன் எழுதித் தருவார், கோடு மட்டும் என் வேலை. கோடு கூடிய பத்துப் பாட்டையும் பென் டிரைவில் ஏற்றி, மறுநாள் பத்தாவதிலிருந்து முதலாவது வரை போடுவோம். விஜே அண்ணனுக்காக ஒரு சிங்களப் பாட்டு கட்டாயம்.

சட்டம் ஒன்றுதான். பாட்டு முழுசா ஓடினால்தான் கணக்கு. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். அதற்குள் முதலாவது பாட்டு முடிய வேண்டும். விஜே அண்ணன் வளைவுகளில் மெதுவாக எடுத்து நேரத்தைச் சரிப்பண்ணுவார். பின்னால் வரும் வான்காரன் ஏசுவான்.

மலருக்குப் பாலத்தடியில் ஒரு புடவைக் கடையில் வேலை. அவளுக்குப் பிடித்த பாட்டு நீளமானது. ஆறுதலாகப் போகும். கடைசிச் சரணத்துக்கு முன்னால்தான் புல்லாங்குழல் வரும். அந்தப் பாட்டை எப்போது போட்டாலும் குழல் வருவதற்குள் அவள் இறங்கும் இடம் வந்துவிடும். எனக்குக் குத்துப் பாட்டுதான் பிடிக்கும். குழலும் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் இறங்கும்போது பாட்டுச் செட்டைத் திரும்பிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம் அவள் பாட்டு முதலாவது வந்தது. எல்லாருக்கும் ஆச்சரியம்.

மறுநாள் அதைப் போட்டபோது நாங்கள் பாலத்தடிக்குச் சீக்கிரம் வந்துவிட்டோம். சந்தியில் அன்றைக்கு வாகனமே இல்லை. குழல் தொடங்கும்போது அவள் இறங்கும் இடம்.

"எறங்கலையா?"

"பாட்டு முடியட்டுங்க."

"டிக்கட் பாலத்தடிக்குத்தான்."

"பாட்டுக்குமா டிக்கட்?"

பரீதா தாத்தா சிரித்தார். "வுடுங்க தம்பி, புள்ள கேக்கட்டும்."

பஸ் பாலத்தில் ஏறியது. மலர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றாள். பாட்டு முடிந்ததும் அடுத்த பஸ் ஹோல்டில் இறங்கித் திரும்ப நடந்தாள். கடையில் ஏச்சு விழுந்திருக்கும்.

கண்டியில் விஜே அண்ணன் அந்தத் தாளை வாங்கி எண்ணினார். தம்பி என்பதை அவர் சிங்களத்தில் மல்லி என்பார். "மல்லி, பஸ்ஸில முப்பத்தொரு பேர். கோடு முப்பத்தாறு இருக்கி."

நான் தாளை வாங்கி மடித்தேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் மலருக்குச் சொல்லியிருக்கிறார்.

"அந்த அஞ்சு கோடு யாரு போட்டது?" என்றாள் அடுத்த நாள்.

"நான்தான்."

"எழுதத் தெரியாட்டியும் களவாக் கோடு போடத் தெரியுது."

அடுத்த வைகாசியில் கல்யாணம் முடித்தோம். பதினொரு வருடம்.

இந்த வருடம் ஜனவரியில் அவள் கண்டி ஆஸ்பத்திரியில் இருந்தாள். பார்க்க விடும் நேரத்தில் என் ஃபோனில் அந்தப் பாட்டைப் போடச் சொன்னாள். ஹெட்ஃபோன் வயரில் ஒன்று அவள் காதில், ஒன்று என் காதில். குழல் வந்தது. முடியும்வரை கேட்டோம்.

"முழுசா ஓடிச்சு," என்றாள். "இப்ப கணக்கு."

பெப்ரவரியில் போய்விட்டாள்.

அந்தப் பஸ்ஸை விற்றுவிட்டார்கள். புது முதலாளி டீவி மாட்டியிருக்கிறார். ஆட்கள் காதில் எதையோ செருகிக்கொண்டு அவரவர் பாட்டைக் கேட்கிறார்கள். விஜே அண்ணனுக்கு இடது காது கேட்காது, இன்ஜின் பக்கம் இருந்த காது. மாணிக்கம் அண்ணன் இல்லை. கோடு போட்ட தாள்கள் வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டன.

காலையில் ஓட்டோவைத் துடைத்துவிட்டு அந்தப் பாட்டைப் போடுவேன். சில நாள் மத்தியானமும். டீசல் வாசம் அடித்துக்கொண்டு மடுல்கெல்ல பஸ் போனால் அப்போதும். குழல் வருவதற்கு முன்னால் கை போய் நிறுத்திவிடும். நான் யோசித்து நிறுத்துவதில்லை.

நர்ஸ் மிஸ் இறங்கிய பிறகு ஃபோனை எடுத்து இலக்கத்தைப் பார்த்தேன். இலக்கம் வாசிக்கத் தெரியும். பாதியில் நிறுத்தினதையும் அது எண்ணியிருக்கிறது.

ஃபோன் கணக்கு 187. எங்கள் பஸ் கணக்கு 1.