நீல கவுனுக்கு முதல் ஆள்

எங்கள் அண்ணிக்கு ஆசை பெரிசு, பர்ஸ் சின்னது. நான் சொல்லவில்லை, அவளே சொல்லிச் சிரிப்பாள். ரொட்டித் தொழிற்சாலையில் பாக்கெட் போடுகிற வேலை. நாள் முழுக்க வெள்ளைக் கோட்டு, தலையில் வலைத்தொப்பி. வேலை விட்டதும் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற பெரிய துணிக்கடைக்குள் நுழைந்துவிடுவாள். கடைப் பெண்கள் "என்னக்கா வேணும்?" என்று கேட்டால், "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்பாள். பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பிறந்த வீட்டில் நாலு பெண்களில் கடைசி. அக்காமார் மூன்று பேரும் போட்டு, சாயம் போய், முழங்கை தேய்ந்த பிறகுதான் எதுவும் இவளிடம் வரும். சரி, கல்யாணமாகி வந்தாவது விடிந்ததா? இங்கே நாத்தனார் நான் இருந்தேனே! நான் போட்டு அலுத்ததெல்லாம் அவளுக்கு. கல்யாணத்தன்று உடுத்தியதுகூடப் பெரியக்காவுடையதுதான்.

"இன்னொருத்தி உடம்புல படாத துணி, ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாக்கணும்டி" என்று ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் நீல கவுன் கடைக்கு வந்தது. கணுக்கால்வரை இறங்கும், இடுப்பில் மெல்லிய பெல்ட். விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். தள்ளுபடி போடும்வரை பொறுத்திருப்போம் என்றாள் அண்ணி. அதுவரை அது விற்றுப்போகக் கூடாதே! அவள் அளவில் இருந்ததோ ஒன்றே ஒன்று. என்ன செய்தாள் தெரியுமா? யாரும் பார்க்காத நேரத்தில் அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஆண்கள் மழைக்கோட்டு வரிசைக்குப் பின்னால் மாட்டிவிட்டாள். கொளுத்துகிற வெயிலில் மழைக்கோட்டை எவன் தொடப்போகிறான்? தினமும் போய் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள்.

ஒருநாள் போனால், காணோம். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. "ஒரு கவுனுக்கா இவ்வளவு அழுகை?" என்று கேட்டு அண்ணன் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், பெண்கள் பக்கத்திலேயே அது மறுபடி தொங்கிக்கொண்டிருக்கிறது, பாதி விலைச் சீட்டோடு! அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. "நமக்குன்னே காத்துக்கிட்டு இருந்திருக்குடி!" என்று போனிலேயே கத்தினாள். சம்பளம் வந்த கையோடு வாங்கிவிட்டாள். பையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். அடேயப்பா, என் கண்ணே பட்டுவிடும்போல் இருந்தது. பின்னால் ஜிப்பை ஏற்றப்போன நான்தான் பார்த்தேன். கழுத்தின் உள்பக்கம் முகப்பவுடர் கறை. குனிந்ததும் சென்ட் வாசனை குப்பென்று அடித்தது, காசுள்ளவர்கள் பூசுகிற சென்ட். எவளோ ஒருத்தி வாங்கிக்கொண்டுபோய், ஏதோ விருந்தில் போட்டு மினுக்கிவிட்டு, பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்திருக்கிறாள். பாதி விலைக்குக் காரணம் அதுதான். பாவி! இப்போதே கடைக்குப் போய் நாலு கேள்வி கேட்கலாமா என்று வாயைத் திறந்தேன்.

அண்ணி தோள்பக்கம் முகத்தைத் திருப்பி, மூச்சை நன்றாக இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"புதுத்துணின்னா இப்படித்தான் மணக்குமாடி? நீதான் நெறையப் போட்டிருக்கியே, சொல்லேன்."

"ஆமா அண்ணி" என்றேன். "இப்படித்தான் மணக்கும்."